மனிதவள முகாமையும் பணிக்கருகலும்

கல்லூரி விழாக்காலங்களிற் பழைய மாணவர் ஒருவரையொருவர் கண்டு தழுவிக்கொண்ட பின்னர் முதலிற் கேட்கும் வினா, "இப்பொழுது எங்கே உத்தியோகம்?" என்பதாகும். அவ்வினாவுக்கு ஒருகாலத்திற் கிடைத்த விடைகள் யாவர்க்கும் எளிதில் விளங்கின. புகையிரதப் பகுதியில் லிகிதர், கச்சேரியிற் பிரதம எழுதுவினைஞர், மலாயாவில் நிலைய அதிபர், வைத்தியர், அப்புக்காத்து, ஆசிரியர் என்பன அவ்விடைகள். இக்காலத்து இளைஞர் சிலர் கூறும் விடையோ முதியோர்க்கு மீண்டும் ஒருமுறை விளக்கப்பட வேண்டியதாயிருக்கின்றது. "மனிதவள முகாமையாளராயிருந்தேன்" என்று ஒருவர் கூற, "மனிதரை முகாமை செய்வதும் ஓர் உத்தியோகமோ, தம்பி?" என்று ஓய்வூதியம் பெறும் பெரியார் ஒருவர் வியந்து கேட்டதை யாம் அருகிலிருந்து கேட்டோம்.

அப்பெரியாருக்கு அன்று விடை கிடைக்கவில்லை. விடை கூற வேண்டிய இளைஞர் சிரித்துவிட்டு அப்பால் அகன்றார். அவர் எம்மிடம் தமிழ் பயின்றவர். சில நாட்களின் பின் எம் வீட்டுக்கு வந்து திண்ணையிலிருந்து, கொழும்பிலே தாம் வகித்த அப்பதவியை விட்டுவிட்டதாகச் சொன்னார். நோயோ என்று கேட்டோம். "நோயில்லை, சேர். களைப்புமில்லை. ஒண்டிலும் மனம் ஒட்டுதில்லை" என்றார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒருநாள், பல்வலிக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமாறு தாயார் கேட்டாராம். "கவனத்தில் எடுக்கப்படும்" என்று, அலுவலகத்திலே குறை கூற வருவோர்க்குச் சொல்லும் அதே சொற்களைத் தம் வாய் தாயாருக்கும் சொல்லிவிட்டதாம். தாயார் சிரித்தார், மகனுக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிறருக்கும் பயன்படுமாயின் இதனை எழுதுக என்று அவரே இசைவு தந்தார். அவருக்கு நேர்ந்தது யாது, அஃது அத்தொழிலினர்க்கு மிகுதியாக நேர்வது ஏன், இக்காலத்துக் கருவிகள் அதனைத் தடுக்க எவ்வளவு உதவும் என்பவற்றை அறிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவர்கள் யாவர்?

ஒரு நிறுவனத்துக்கு வேண்டிய ஆட்களைத் தேர்தல், அவர்க்குரிய சம்பளத்தையும் லீவையும் கணித்தல், பயிற்சி அளித்தல், குறை கேட்டல், ஒழுக்காற்று விசாரணை நடத்தல், ஓய்வு பெறுவோரை முறைப்படி அனுப்புதல் ஆகிய கருமங்களைச் செய்வோரே மனிதவள முகாமையாளர். முன்னர் இதனை ஆளணி நிர்வாகம் என்றனர். திருவள்ளுவர் பொருட்பாலிலே 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஆளறிந்து தொழிலை ஒப்படைத்தலை அரசனுக்குரிய கடமையாக வைத்தார். ஆதலிற் கருமம் பழையது, பெயரே புதியது.

இலங்கையிலே இத்தொழிலுக்கென ஆளணி முகாமை நிறுவகம் 1959 ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று, 1976 ஆம் ஆண்டிற் சட்டமொன்றினாற் கூட்டிணைக்கப்பெற்றது. இத்தொழில் இங்கு வளர்ந்தமைக்குக் காரணங்களுள் ஒன்று தொழிற் சட்டங்களின் பெருக்கம். 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1971 ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தற் சட்டம், 1980 ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டம், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் என இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு சட்டமும் ஊழியனுக்கு ஒரு காவல். அக்காவலை நாள்தோறும் கணக்கிலே நிலைநிறுத்தும் பொறுப்பு இவர்களுடையது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மாதம் ரூபா 50,000 சம்பாத்தியமுடைய ஓர் ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமாகிய ரூபா 4,000 சேமலாப நிதிக்குக் கழிக்கப்படும். தொழில்கொள்வோர் 12 வீதமாகிய ரூபா 6,000 சேர்த்தல் வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமாகிய ரூபா 1,500 வேறாகச் செலுத்தல் வேண்டும். இவை அடுத்த மாதம் முடியுமுன் உரிய இடத்தைச் சேராவிடின் மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும். இருநூறு ஊழியர் உள்ள நிறுவனத்தில் இக்கணக்கு மாதந்தோறும் இருநூறு முறை; அவருள் ஒருவரின் இலக்கத்திற் பிழை நேரினும் இருபதாண்டு கழித்து ஓய்வு பெறும் நாளிலே அப்பிழை அவர் வயிற்றில் அடிக்கும். ஆதலின் இஃது எழுத்து வேலை என்று எள்ளத்தக்கதன்று.

பணிக்கருகல் என்பது யாது?

ஆங்கிலேயர் 'பேர்ண் அவுட்' என வழங்கும் சொல்லுக்குத் தமிழிற் களைப்பு, சோர்வு, அயர்வு, சலிப்பு எனப் பல சொற்கள் ஆளப்படுகின்றன. அவற்றுள் எதுவும் முழுப்பொருளைத் தருவதாக எமக்குத் தோன்றவில்லை. களைப்பு உறங்கினால் தீரும்; சலிப்பு வேலை மாறினால் தீரும். இதுவோ அவ்வாறு தீர்வதில்லை. எண்ணெய் வற்றிய பின்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டுமாயின் திரியே எரிகின்றது. சற்று நேரம் ஒளி குன்றுவதில்லை. ஆதலின் வீட்டார் கவனிப்பதில்லை. பின்னர் எண்ணெய் வார்த்தாலும் கருகிய திரி உடனே பற்றுவதில்லை. இந்நிலை நோக்கிப் 'பணிக்கருகல்' என்று யாம் இங்கு வழங்குகின்றோம். இதனினும் நல்ல சொல் காண்பார் எமக்கு அறிவிப்பாராக.

இதனை முதலில் விளங்க எழுதியவர்களுள் ஒருவர் நியூயோர்க்கிலே உளவியலாளராயிருந்த ஹேர்பேட் புரொய்டன்பேர்கர். இலவச மருத்துவ நிலையமொன்றிலே ஆர்வத்தோடு தொண்டாற்ற வந்தோர் சில காலத்திலே அவ்வார்வம் முற்றும் அற்றுப்போதலை அவர் கண்டு 1974 ஆம் ஆண்டில் அதனை எழுதினார். சோம்பேறிகள் கருகுவதில்லை, ஈடுபாடுடையோரே கருகுகின்றனர் என்பது அவர் கண்டவற்றுள் நாம் நினைவிற் கொள்ள வேண்டியது. பின்னர் 1981 ஆம் ஆண்டிற் கிறிஸ்ரினா மஸ்லாக், சூசன் ஜக்சன் என்னும் இருவர் இதனை அளக்கும் வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டனர். அவர் கருத்துப்படி இதற்குக் கூறுகள் மூன்று. உள்ளம் வெறுமையாகி ஓய்தல் ஒன்று. எதிரே நிற்கும் மனிதரை மனிதராகக் காணாது கோவையாகக் காணுதல் இரண்டு. தாம் செய்வதனாற் பயனில்லை என்று எண்ணுதல் மூன்று. எம் மாணவர் தாயாருக்குக் கூறிய விடை இவற்றுள் இரண்டாவது என்பதைப் படிப்போர் உணர்ந்திருப்பர்.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஏற்று 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய் வகைப்பாட்டிலே பணிக்கருகலைத் தொழில்சார் தோற்றப்பாடாகக் குறித்துள்ளது; நோயென்று குறிக்கவில்லை. நீண்டகாலம் நிலவும், தக்கவாறு கையாளப்படாத வேலைத்தல அழுத்தத்தின் விளைவு என்று அதற்கு வரைவிலக்கணமும் தந்துள்ளது. இவ்வேறுபாடு பெரிது. நோய் எனின் நோயாளியை மாத்திரம் நோக்குவோம். வேலைத்தலத்தின் விளைவு எனின் வேலைத்தலத்தை நோக்குதல் வேண்டும்.

இவர்களை மிகுதியாக வருத்துவது ஏன்?

மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்கள். மனிதவள முகாமையாளர் நிலை அதுவே. ஊழியர் இவரை முதலாளியின் ஆள் என்பர். முதலாளி இவரை ஊழியரின் ஆள் என ஐயுறுவர். ஒருவரின் குடும்பத் துயரத்தைக் காலையிற் கேட்டு, அவரின் வேலை நீங்கும் என்பதைக் கூட்டத்திலே மதியம் அறிந்து, மாலையில் அவரைக் கண்டும் ஒன்றும் அறியாதார் போற் புன்னகை செய்ய வேண்டியவர் இவர். சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் அடக்கியாளும் இவ்வகை உழைப்பை ஆர்லி ஹொக்சைல்ட் என்னும் சமூகவியலாளர் 1983 ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஆராய்ந்து, அதனையும் உழைப்பாக எண்ண வேண்டுமென்று காட்டினார். விமானப் பணிப்பெண்களைப் பற்றியும் கடன் அறவிடுவோரைப் பற்றியும் அவர் கூறியது இவர்க்கும் பொருந்தும். ஊரார் குறையெல்லாம் கேட்கும் இவர் தம் குறையைச் சொல்ல ஓரிடம் இல்லை. அந்த இடமே இவர்தாம்.

அண்மைக் காலத்திலே நம் நாட்டில் இச்சுமை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. யார் வேலைக்கு வரலாம், யார் வீட்டிலிருந்து செய்யலாம் என்ற பட்டியல் எழுதியவர் இவர்கள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களும், எரிபொருளுக்கு மைல்கணக்கில் வரிசை நின்ற நாட்களும் இருந்தன. வராதார்க்கு லீவு போடுவதா விடுவதா என்று தீர்க்க வேண்டியவர் இவர்கள். அவ்வாண்டிலே வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து சென்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு நிறுவனத்திலும் எஞ்சியிருந்தோர்மீது சென்றோரின் வேலை விழுந்தது.

பின்னர் 2023 சனவரியில் வருமான வரி மாற்றம் வந்தது. மாதம் ரூபா 150,000 சம்பளமுடைய ஒருவர் 2022 ஆம் ஆண்டு முடியும் வரை அவ்வரி கட்டவில்லை. 2023 சனவரியிலிருந்து மாதம் ரூபா 3,500 கட்டினார். எம் மாணவரின் அலுவலகத்திலே அம்மாதச் சம்பளச் சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தோர் அனைவர்க்கும், ஏன் குறைந்தது என்பதை அவர் ஒரே சொற்களால் ஒரு கிழமை முழுவதும் விளக்கினாராம். அவர் சம்பளமும் அம்மாதங் குறைந்திருந்தது. அதனை அவரிடம் வினவியவர் ஒருவருமில்லை. வரிவிலக்கெல்லை உயர்த்தப்பட்டு, 2025 ஏப்பிரிலிலிருந்து ரூபா 150,000 பெறுவோர் மீண்டும் வரியின்றி விடப்பட்டனர். அதற்கும் கணக்கை மாற்றியோர் அத்தொழிலினரே. அப்பொழுது அவர் அங்கில்லை.

மயிலிறகும் அச்சும்

திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலே வண்டியும் மயிலிறகும் ஓர் உவமையாக வருதலை மாணவரும் அறிவர். இறகு இலேசானதுதான், ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பதே அதன் கருத்து. பகைவரின் தொகையைப் பற்றிக் கூறிய அவ்வுவமை அலுவலக மேசைக்கும் பொருந்துவது வியப்பு.

எம் மாணவரிடம் ஒருநாளில் அவர் செய்தவற்றைப் பட்டியலாக எழுதித் தருமாறு கேட்டோம். அவர் எழுதியவற்றுட் பெரும்பான்மை இறகுகள். "எனக்கு எத்தனை நாள் லீவு மிச்சம்?" என்று கேட்டோர் பதினொருவர். சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டோர் மூவர். சம்பளச் சீட்டின் பிரதியை வங்கிக் கடனுக்காகக் கேட்டோர் நால்வர். வரவுப் பதிவிற் கைவிரல் அடையாளம் பதியாமற்போனது என்று எழுதித் தந்தோர் அறுவர். இவற்றிடையே, கணவன் அடிப்பதாகச் சொல்லி அழுத ஒரு பெண்ணும் ஒருத்தி. "அவவோடை பேச எனக்குப் பத்து நிமிடந்தான் கிடைச்சது, சேர். அதுதான் மறக்க முடியேல்லை" என்றார்.

இவ்விடத்திலேதான் கருவியின் பயன் விளங்குகின்றது. இறகுகளைக் கருவி சுமக்கலாம், சுமத்தலே முறை. அப்பெண்ணின் சுமையைக் கருவி சுமக்காது. இறகுகளை இறக்கிவைத்தால் அவளுக்குப் பத்து நிமிடத்தினும் மிகுதியாகக் கொடுக்கலாம்.

கருவி செய்யும் உதவி

எழுத்துச் சுமையைக் கருவியாற் குறைக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1886 ஆம் ஆண்டிற் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைச் சில விசைகளுள் அடக்கிய அவ்வூக்கம் நம் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதை, யாழ் ஐ.ரீ. ஹப் போன்ற அமைப்புகளின் முயற்சியால் இங்கு வளர்ந்துவரும் மென்பொருள் இளைஞர் காட்டுகின்றனர்.

மனிதவளத்துக்கான மென்பொருளிலும் நம் நாடு பின்தங்கியதன்று. கொழும்பில் 1997 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற எச்செனிட் நிறுவனம் இத்துறையில் மென்பொருள் செய்து வெளிநாடுகளுக்கும் விற்கின்றது. ஊழியர் விவரம், லீவு, வரவு முதலியவற்றைப் பேணும் ஓறேஞ் எச்.ஆர்.எம். என்னும் மென்பொருளும் கொழும்பிலே உருவாக்கப்பட்டு 2006 ஆம் ஆண்டு முதல் வெளிவருவது. அதன் ஒரு வடிவம் திறந்த மூல மென்பொருளாதலின் பணங் கொடாமலே பெற்று நிறுவிக்கொள்ளலாம். சிறு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இஃது ஏற்றது.

இவை செய்வன யாவை? முதலாவது, தன் லீவு எத்தனை என்பதை ஊழியர் தாமே கைத்தொலைபேசியிற் பார்த்து, அங்கேயே விண்ணப்பித்து, மேலாளர் இசைவும் அங்கேயே பெறுதல். இதனாற் பதினொரு வினாக்கள் மேசைக்கு வாரா. இரண்டாவது, சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, வரி ஆகியவற்றை ஒருமுறை விதித்த வாய்பாட்டின்படி கணித்தல். வரி மாறினால் வாய்பாட்டை ஓரிடத்தில் மாற்றினாற் போதும். மூன்றாவது, சம்பளச் சீட்டை ஊழியர் தாமே எப்பொழுதும் எடுத்துக்கொள்ளுதல். நான்காவது, ஓய்வு, ஒப்பந்த முடிவு, மகப்பேற்று லீவு முதலிய நாட்களை முன்கூட்டியே நினைவூட்டுதல்.

இவற்றை நம் நாட்டில் நிறுவுங்கால் நம் வழக்கறிந்து நிறுவுதல் வேண்டும். மேலைநாட்டு மென்பொருள் ஒருவரின் பெயரைக் கேட்கும்பொழுது முதற்பெயர், குடும்பப் பெயர் எனக் கேட்கும். நம்மவர் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவோர். தந்தை பெயரிலேயே மகனை அழைத்து, தந்தை பெயருக்கே கடிதம் அனுப்பும் பொறிகளை நாம் கண்டிருக்கின்றோம். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதுவர். போதாக்குறைக்கு அடையாள அட்டை இலக்கமும் இருவகை: ஒன்பது இலக்கமும் ஓரெழுத்தும் உடையது பழையது, 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு இலக்கமுடையது. ஒருவரையே இருவராகப் பதிந்து ஒருவர் நிதியை இரண்டாகப் பிரித்துவைக்கும் பிழை இவ்வாறு நேர்கின்றது. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை சரிபார்த்துப் பதிவதும், சம்பளச் சீட்டைத் தமிழில் அச்சிடுவதும் சிறு காரியங்களே. ஆயினும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் தன் சீட்டைத் தானே படித்து விளங்கிக்கொள்வாளாயின், முகாமையாளர்க்கு ஒரு வினா குறையும்; அவளுக்கு ஒரு தலைகுனிவும் குறையும்.

கருவி செய்யும் கேடு

இனி மறுபக்கம் காண்போம். முன்னர் யாம் கற்பித்த பாடசாலை ஒன்றிலே, வராத ஆசிரியரின் வகுப்புக்கு வேறோர் ஆசிரியரை அனுப்பும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டிருந்தது. மனிதவள முகாமையின் மிகச் சிறு துண்டு அது. ஒரு கொப்பியிற் குறித்து வைத்து நாளும் ஏச்சு வாங்கினோம். "நேற்றும் நான்தானே போனேன்" என்பதே எம் காலை வணக்கமாயிற்று. கணினி கற்பித்த நண்பர் ஒருவர் ஓர் அட்டவணை செய்து தந்தார். யார் எத்தனை முறை சென்றார் என்பதை எல்லோரும் பார்க்கலாம். முறை தானே வரும். ஒரு மாதத்திற் பிணக்குப் பெரும்பாலும் ஓய்ந்தது. நாளொன்றுக்கு அரைமணி நேரம் எமக்கு மிஞ்சியது. அந்த அரைமணியில் மாணவரின் கட்டுரைகளைத் திருத்தலாம் என்று மகிழ்ந்தோம். அடுத்த மாதமே, "உங்களுக்குத்தான் நேரமிருக்கின்றதே" என்று வேறொரு பதிவேடு எம் கையிலே தரப்பட்டது. கருவி மிச்சம் பிடித்த நேரம் யாருக்குரியது என்று முன்னரே தீர்க்காவிடின் அது மறுபடியும் வேலையாகவே திரும்பி வரும் என்பதை அன்று கற்றோம்.

இரண்டாவது கேடு, வேலை வீட்டுக்குள் வருதல். முன்னைய எழுதுவினைஞர் நாலரை மணிக்குக் கோவையைக் கட்டி வைத்துவிட்டு மிதிவண்டியில் ஏறினால், கோவை அவரைத் தொடர்ந்து ஓடிவராது. இப்பொழுது வட்ஸ்அப் குழு இரவு பதினொரு மணிக்கும் கோயில் வீதியிலும் அழைக்கின்றது. பிரான்சு நாடு 2017 சனவரி முதல், 50 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வேலை நேரத்தின் பின் தொடர்பற்றிருக்கும் உரிமைபற்றி ஊழியரோடு பேசித் தீர்க்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. அவுஸ்திரேலியாவில் அவ்வுரிமைச் சட்டம் 2024 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மற்றையோரின் வேலை நேரத்தைக் காக்க வேண்டிய முகாமையாளரின் நேரத்தைக் காப்பார் யார் என்னும் வினா அச்சட்டங்களால் எழுகின்றது.

மூன்றாவது கேடு, உளவு. ஊழியர் சோர்வடைகின்றாரா என்பதை அவரின் கணினிப் பழக்கத்திலிருந்தே அறியலாமென மென்பொருள் விற்போர் கூறுவர். மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் இத்தகைய அளவீட்டு வசதியொன்றிலே தனியாட்களின் பெயரையும் காட்டியது. கண்டனம் எழவே அவ்வாண்டு திசம்பரில் அப்பெயர்களை நீக்கியது. அளக்கப்படுகின்றோம் என்ற அச்சமே புதிய சுமையாகும். நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதை மேலாளர் மறத்தலாகாது.

நான்காவது கேடு, தீர்ப்பையும் பொறியிடம் விடுதல். விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அமேசன் நிறுவனம் செய்த பொறி, பழைய விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை ஆண்களுடையனவாயிருந்தமையாற் பெண்களைத் தாழ்த்திக் கணித்ததென்றும், அதனால் அது கைவிடப்பட்டதென்றும் 2018 ஆம் ஆண்டிற் செய்தி வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கடிதம் வரைந்து தரலாம். சுற்றறிக்கையைச் சுருக்கித் தரலாம். ஒருவரை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் மனிதரின் கையொப்பத்தோடும் மனிதரின் பொறுப்போடும் நிகழ்தல் வேண்டும்.

ஐந்தாவது, போலி மருந்து. மனவமைதி தரும் செயலிகளை ஊழியர்க்குக் கொடுத்துவிட்டு வேலையை அவ்வாறே விடும் வழக்கம் பரவியுள்ளது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் பிளெமிங், பிரித்தானியாவில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியரின் விடைகளை ஆராய்ந்து 2024 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தகைய செயலிகளிலும் பயிற்சிகளிலும் பங்குகொண்டோர் கொள்ளாதோரினும் நலமாயிருந்ததாகக் காணப்படவில்லை. தொண்டுப் பணி ஒன்றே விலக்காயிருந்தது. கருகிய திரிக்கு எண்ணெய் வாராது, விளக்கைத் துடைப்பதாற் பயனென்ன?

செய்யத்தக்கன

மஸ்லாக்கும் மைக்கேல் லைற்றரும் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே பணிக்கருகலுக்கு வழிசெய்யும் இடங்கள் ஆறெனக் கூறினர். அவை வேலைச்சுமை, தன் வேலையில் தனக்குள்ள அதிகாரம், வெகுமதி, உடன்பணியாளரின் உறவு, நீதி, விழுமியம் என்பன. இவ்வாறனுள் முதலாவதைக் கருவி பெரிதும் குறைக்கும். எம் பாடசாலை அட்டவணை காட்டியவாறு நீதிக்கும் ஓரளவு துணைசெய்யும். ஏனைய நான்கும் மனிதர் மனிதர்க்குச் செய்ய வேண்டியன. இதனை மனத்திற் கொண்டு, அலுவலகம் நடத்தும் பழைய மாணவர்க்குச் சில கூறுகின்றோம்.

கருவி வாங்குமுன் அவ்வேலையைச் செய்பவரிடம் ஒருநாட் பட்டியல் கேளுங்கள். இறகு எது, கல் எது என்று அவரே பிரித்துக் காட்டுவார். கருவியால் மிஞ்சும் நேரத்திற் பாதியையேனும் ஊழியரோடு நேரிற் பேசுவதற்கென எழுத்தில் ஒதுக்குங்கள். வேலை நேரத்தின் பின் வரும் செய்திக்கு மறுநாட் காலை விடை போதும் என்பதை நீங்களே முதலிற் கடைப்பிடியுங்கள். மேலாளர் இரவிற் செய்தி அனுப்பாவிடின் கீழுள்ளோர் அனுப்பார். ஒரே ஆளிடம் எல்லாத் துயரையும் விடாது, வேலைநீக்கம் போன்ற கடுஞ்செய்தியைச் சொல்லும்பொழுது தீர்மானித்தவரும் உடனிருங்கள். முகாமையாளர் தம் பாரத்தை இறக்கிவைக்க நிறுவனத்துக்கு வெளியே ஒருவர் இருத்தல் நலம். யாழ்ப்பாணத்திலே சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. உளவளத்துணை நாடுவதை நம்மூரார் இன்னும் குறைவாக எண்ணுகின்றனர். பல்வலிக்கு வைத்தியரிடம் போவதிற் குறைவில்லையாயின் இதிலும் இல்லை.

மாணவர்க்கும் ஒரு சொல். வர்த்தகப் பிரிவிற் பயில்வோர் பலர் நாளை இத்தொழிலுக்குச் செல்வீர்கள். கணினியை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அதனோடு, ஒருவர் சொல்வதை இடைமறியாது கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். முன்னையது மாறிக்கொண்டேயிருக்கும், பின்னையதற்குப் புதுப்பதிப்பு வேண்டியதில்லை.

எம் மாணவர் இப்பொழுது யாழ்ப்பாணத்திலேயே சிறு நிறுவனமொன்றில் அதே தொழிலைச் செய்கின்றார். அறுபது ஊழியர். லீவும் சம்பளச் சீட்டும் கைத்தொலைபேசியில், தமிழில். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணித்தியாலம் அவர் கணினியை மூடிவைத்துக் கதவைத் திறந்துவைக்கின்றார். யாரும் வரலாம். சில கிழமைகளில் ஒருவரும் வருவதில்லை; சில கிழமைகளில் ஒருவரே இரண்டு மணித்தியாலமும் இருந்துவிடுகின்றார். முழுவதும் நலமடைந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. ஆயினும் சென்ற மாதம் தாயாரை மறுபடியும் பல் வைத்தியரிடம் தாமே அழைத்துச் சென்றதாகவும், அங்கே வரிசையிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் ஊர்க்கதை பேசியதாகவும் சொன்னார்.

"மனிதரை முகாமை செய்வதும் ஓர் உத்தியோகமோ?" என்று கேட்ட பெரியாருக்கு இப்பொழுது விடை கூறலாம். ஆம் ஐயா, உத்தியோகந்தான். கணக்கைப் பொறியிடம் கொடுத்துவிட்டு மனிதரைத் தம்மிடம் வைத்துக்கொள்பவர் கையில் அது நல்ல உத்தியோகமும் ஆகும். இவ்விழாவிலே கூடும் பழைய மாணவருள் அத்தொழிலினர் எவரையேனும் கண்டால், எங்கே உத்தியோகம் என்று கேட்டதன்பின், "நீர் எப்படி இருக்கின்றீர்?" என்றும் கேட்டு, விடை வரும்வரை சற்று நில்லுங்கள்.